பக்கத்துக் கம்பெனி டிரைவும் ஜாமீன் கையெழுத்தும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ராணிப்பேட்டையில் அதே குடும்பத்தின் தோல் கம்பெனி. இதுவரை தனித்தனி நிர்வாகம். இப்போது கணக்கும் ஏற்றுமதி டாக்குமென்ட் வேலையும் ஒன்றாகிவிட்டன. இரண்டு இடத்திலும் தனித்தனி விண்டோஸ் டொமைன், அதாவது பயனர் கணக்குகளின் தனித்தனிப் பதிவேடு. நடுவில் வி.பி.என். (இணையம் வழியே இரண்டு ஆபீசையும் பூட்டோடு இணைக்கும் வழி) போட்டாகிவிட்டது. ஆம்பூர் ஆட்கள் 11 பேர் ராணிப்பேட்டை சர்வரில் இருக்கும் இரண்டு ஃபோல்டர்களை இசட் டிரைவாக வைத்து வேலை செய்ய வேண்டும். சிலருக்குத் தானாகத் திறக்கிறது, சிலருக்குத் தினமும் பாஸ்வேர்டு கேட்கிறது, இரண்டு பேருக்கு 1219 என்று எரர் வருகிறது. முன்பு இந்த வேலையைப் பார்த்தவர் பாஸ்வேர்டை ஒரு பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பில்) எழுதி, எல்லாருடைய ஸ்டார்ட்டப்பிலும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் காட்பாடியில் இருந்துகொண்டு வாலாஜா முதல் வாணியம்பாடி வரை இதே வேலையாக அலைகிறவன். உங்கள் நிலைமை எனக்குப் புதிதில்லை. இந்தப் பக்கம் கம்பெனிகள் பிரிவதும் சேர்வதும் சகஜம். 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது, இன்றைக்கு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில், ராணிப்பேட்டை தனி மாவட்டம். குடும்பம் மட்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அந்தக் குடும்பக் கதை தெரியாது, அதுதான் சிக்கல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த பேட்ச் ஃபைல். நாளைக்கு என்று வைக்காதீர்கள். அதை அழியுங்கள், அதில் எழுதியிருக்கும் கணக்கின் பாஸ்வேர்டையும் இன்றே மாற்றுங்கள். அழிப்பது மட்டும் போதாது. அது எத்தனை பென் டிரைவில், எத்தனை பேக்கப்பில் நகலாகியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நோட்பேடில் திறந்தால் டீ கொண்டுவரும் பையன்கூடப் படிக்கலாம். அதே வரி டொமைன் கன்ட்ரோலரில் (டொமைனின் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வரில்) லாகான் ஸ்கிரிப்டாகவும் இருந்தால் இன்னும் மோசம். அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் நெட்லாகான் ஃபோல்டரை டொமைனில் இருக்கும் எல்லாரும் படிக்க முடியும். படிக்க முடிந்தால்தான் ஸ்கிரிப்டே ஓடும்.

இதோடு இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள். குரூப் பாலிசி (டொமைனின் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் வசதி) பிரிஃபரன்ஸில் டிரைவ் மேப் போடும்போது, அதாவது சர்வர் ஃபோல்டரை டிரைவ் எழுத்தோடு இணைக்கும்போது, பெயரும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கொடுக்க ஒரு காலத்தில் இடம் இருந்தது. டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்வால் ஃபோல்டரில் ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பில் அதைப் பூட்டித்தான் வைத்தது. ஆனால் அந்தப் பூட்டின் சாவியை மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் ஊரறிய வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம் வந்த அப்டேட் புதிதாக எழுதுவதைத் தடுத்தது, பழையதை அழிக்கவில்லை. உங்கள் இரண்டு டொமைனில் ஏதாவது ஒன்று அதற்கு முந்தைய காலத்தது என்றால், சிஸ்வாலில் 'சிபாஸ்வேர்டு' (cpassword) என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தேடுங்கள். ஒரு இடத்தில் நான் அப்படித் தேடியபோது டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டே கிடைத்தது. அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். டிரைவை எப்படி மேப் பண்ணுவது என்று கேட்கிறீர்கள். மேப் பண்ணுவது ஒரு வரி வேலை. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது வேறு. சீட்டு எடுக்கப் போனால் பணம் எண்ணுவதற்கு முன்பே 'ஜாமீன் யார்?' என்று கேட்பார்கள் இல்லையா, சர்வரும் அதைத்தான் கேட்கிறது. டொமைன் என்பது ஒரு பதிவேடு. ராணிப்பேட்டைப் பதிவேட்டில் இருப்பவர்களை ராணிப்பேட்டை சர்வருக்குத் தெரியும். ஆம்பூர் பதிவேட்டில் இருப்பவர் வந்து நின்றால், அவர் யார் என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும். யார் சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் விட்டால் விண்டோஸ் தன் போக்கில் எதையாவது முயன்று பார்க்கும். சிலருக்குத் திறப்பதும் சிலருக்குத் திறக்காததும் அதனால்தான்.

தானாகத் திறக்கும் அந்தச் சிலரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். ராணிப்பேட்டை சர்வரின் லோக்கல் பயனர் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆம்பூர் ஆட்களின் பெயரிலேயே, ஆம்பூரில் இருக்கும் அதே பாஸ்வேர்டோடு கணக்குகள் இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய தந்திரம் இது. இரண்டு பக்கமும் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால் என்.டி.எல்.எம். என்ற பழைய முறையில் சர்வர் உள்ளே விட்டுவிடும். கேட்காமல் திறப்பதால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஆம்பூரில் ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் இது படுத்துவிடும். அப்புறம் 'நேற்றுவரை நன்றாக இருந்ததே' என்று உங்களுக்கு போன் வரும். என்.டி.எல்.எம். முறையையே கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024இல் அறிவித்துவிட்டது. இதன்மேல் எதையும் கட்டாதீர்கள். இருப்பதையும் எடுத்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஆம்பூர் ஆட்களுக்கு ராணிப்பேட்டை டொமைனிலேயே ஆளுக்கொரு கணக்கு திறப்பது ஒன்று. இரண்டு டொமைனுக்கும் இடையே டிரஸ்ட் ஏற்படுத்தி, ஆம்பூர் சொல்வதை ராணிப்பேட்டை நம்பும்படி செய்வது மற்றொன்று. எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் பலரும் இதில் முடிவெடுக்கிறார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு: ஆம்பூரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் ராணிப்பேட்டைக்கு அந்தத் தகவல் எத்தனை நாளில் போகும்? நேர்மையாகப் பதில் சொன்னால், பெரும்பாலான இடங்களில் போகவே போகாது. முதல் வழியில் அவருடைய ராணிப்பேட்டைக் கணக்கு யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டிரஸ்டில் ஆம்பூர் கணக்கை முடக்கினாலே இரண்டு பக்கமும் கதவு சாத்திவிடும்.

முதல் வழியையே எடுத்தாலும் தப்பில்லை. ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கொரு கணக்கு, 'ஆம்பூர்' என்று ஒரே பொதுக்கணக்கு வேண்டாம். யார் கோப்பை அழித்தார்கள் என்று ஒருநாள் முதலாளி பாய் கேட்பார், அன்றைக்கு லாகில் (சர்வரின் பதிவுக் குறிப்பில்) 'ஆம்பூர்' என்று மட்டும் இருந்தால் 11 பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். கணக்கு திறக்கும்போது 'அடுத்த முறை நுழையும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் நேரடியாக லாகின் ஆகப்போவதில்லை, டிரைவ் வழியாக மட்டுமே வரும். டிரைவ் இணைப்பில் பாஸ்வேர்டு மாற்றும் திரை வராது, வெறுமனே மறுத்துவிடும். மாற்ற வேண்டியபோது கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தி, பாஸ்வேர்டு மாற்றும் திரையில் மேலே இருக்கும் பெயரை அழித்துவிட்டு, ராணிப்பேட்டை டொமைன் பெயரோடு சேர்த்துப் பயனர் பெயரை எழுதினால் ஆம்பூரில் உட்கார்ந்தபடியே மாற்றலாம். வி.பி.என். வழியாக அந்தப் பக்கத்து டொமைன் கன்ட்ரோலர் எட்ட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

கட்டளையாகக் கொடுப்பதென்றால் நெட் யூஸ் போதும். டிரைவ் எழுத்து, இரண்டு பின்சாய்வுக்கோட்டோடு சர்வரின் முழுப்பெயர், பகிர்ந்த ஃபோல்டரின் பெயர், யூசர் என்ற இடத்தில் டொமைன் பெயரும் பயனர் பெயரும், கடைசியில் பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரம் இருந்தால் பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும், திரையிலும் தெரியாது. கட்டளை தெரியாதவர்களுக்கு எக்ஸ்புளோரரில் மேப் நெட்வொர்க் டிரைவ் போய், வேறு கணக்கில் இணைக்க என்ற டிக்கைப் போட்டால் அதே வேலைதான்.

தினமும் பாஸ்வேர்டு கேட்கும் ஆட்களின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பெயர் பொருந்தாமைதான் காரணமாக இருக்கும். பாஸ்வேர்டைச் சர்வரின் குட்டிப்பெயரில் சேமித்திருப்பார்கள், டிரைவை முழுப்பெயரில் மேப் பண்ணியிருப்பார்கள். அல்லது ஒன்றில் ஐ.பி. எண், ஒன்றில் பெயர். விண்டோஸுக்கு இவை எல்லாம் வேறு வேறு சர்வர்கள். ஒரே ஒரு பெயரை, டொமைன் வாலோடு கூடிய முழுப்பெயரை, எல்லா இடத்திலும் வையுங்கள். அப்படியும் சேமிக்க மறுத்தால், நெட்வொர்க் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கக்கூடாது என்று ஆம்பூர் குரூப் பாலிசியில் யாரோ போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப் போட்டவர் காரணமில்லாமல் போட்டிருக்க மாட்டார். அதை எடுப்பதைவிட டிரஸ்டுக்குப் போவதே நல்லது.

சேமித்த பாஸ்வேர்டில் இன்னொரு வம்பு உண்டு. ராணிப்பேட்டையில் பாஸ்வேர்டு மாறிவிட்டது, ஆம்பூர் கம்ப்யூட்டரில் பழையதே கிடக்கிறது என்று வையுங்கள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது பழைய பாஸ்வேர்டோடு போய்த் தட்டும், திரும்பத் திரும்பத் தட்டும், கடைசியில் கணக்கு பூட்டிக்கொள்ளும். பயனர் பாவம், கீபோர்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்று யாராவது சொன்னால் வைரஸ் என்று பயப்படும் முன் இதைப் பாருங்கள்.

அந்த 1219 பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இதற்குத் தப்பான வைத்தியம்தான் அதிகம் புழங்குகிறது. ஒரே சர்வருக்கு ஒரே லாகினில் இருந்து இரண்டு வேறு பெயர்களில் இணைய விண்டோஸ் அனுமதிக்காது. எரர் சொல்வது அவ்வளவுதான். உங்கள் இரண்டு பேரும் காலையில் அந்த பேட்ச் ஃபைல் மூலம் பொதுக்கணக்கில் ஏற்கெனவே இணைந்திருப்பார்கள். அல்லது அதே சர்வரில் இருக்கும் பிரிண்டருக்கு வேறு பெயரில் போயிருப்பார்கள். பிறகு சொந்தக் கணக்கில் டிரைவைத் திறக்கும்போது 'நீ முதலில் வேறு பெயர் சொன்னாயே' என்று நிறுத்துகிறது. நெட் யூஸ் என்று மட்டும் அடித்தால் இருக்கும் இணைப்புகள் தெரியும். ஐ.பி.சி. டாலர் என்று முடியும் ஒரு இணைப்பும் பட்டியலில் இருக்கலாம், டிரைவ் எழுத்து இல்லாததால் அதைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். எல்லாவற்றையும் டெலிட் கொடுத்து எடுத்துவிட்டு, கிரெடென்ஷியல் மேனேஜரில் இருக்கும் பழைய பதிவையும் அழித்து, ஒருமுறை லாக் ஆஃப் செய்து வந்தால் சரியாகிவிடும்.

தப்பான வைத்தியம் என்று சொன்னது இதுதான்: இரண்டாவது இணைப்புக்குப் பெயருக்குப் பதில் ஐ.பி. எண்ணைக் கொடுத்துவிடு என்பார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. விண்டோஸ் அதை வேறு சர்வர் என்று நினைத்து விட்டுவிடும். ஆனால் கெர்பரோஸ் (ஆள் யார் என்று டொமைன் சரிபார்க்கும் பாதுகாப்பான முறை) சர்வரின் பெயரை வைத்துத்தான் நுழைவுச்சீட்டு கொடுக்கிறது. ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் சாதாரணமாக அது நடக்காது, சத்தமில்லாமல் என்.டி.எல்.எம். முறைக்கு இறங்கிவிடும். எரரைத் தாண்டிய திருப்தியில் பாதுகாப்பை ஒரு படி இறக்கிவிட்டது யாருக்கும் தெரியாது.

இனி டிரஸ்ட். இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் திசை. கோப்புகள் ராணிப்பேட்டையில், ஆட்கள் ஆம்பூரில். அப்படியானால் ராணிப்பேட்டை ஆம்பூரை நம்ப வேண்டும். கடன் கொடுப்பவர்தானே ஜாமீன்தாரரை நம்ப வேண்டும். நம்பிக்கை ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூருக்கு. ஆட்கள் நடப்பது எதிர்த்திசையில், ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு. எனவே ராணிப்பேட்டைப் பக்கம் அவுட்கோயிங், ஆம்பூர் பக்கம் இன்கமிங். ஒருவழி போதும். இருவழியாகப் போட்டால் பின்னால் உதவும் என்று யாராவது சொல்வார்கள். பின்னால் தேவைப்பட்டால் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

வகையில் ஃபாரஸ்ட் டிரஸ்டையே எடுங்கள் (ஒரு கம்பெனியின் டொமைன்களின் மொத்தத் தொகுப்புதான் ஃபாரஸ்ட்), அதில்தான் கெர்பரோஸ் முறையாக நடக்கும். விசார்டில் ஒரு கேள்வி வரும்: ஃபாரஸ்ட் முழுவதற்குமா, செலக்டிவ் ஆத்தென்டிகேஷனா (நாம் குறிக்கும் சர்வருக்கு மட்டும்)? முதலாவதைக் கொடுத்தால் ஆம்பூர் டொமைனில் இருக்கும் ஒவ்வொருவரும், கேன்டீன் டோக்கன் போடுகிறவர் உட்பட, ராணிப்பேட்டையின் எல்லா சர்வர்களின் வாசல்வரை வந்துவிடலாம். செலக்டிவ் கொடுங்கள். பிறகு ராணிப்பேட்டை ஆக்டிவ் டைரக்டரியில் (அந்த டொமைன் பதிவேட்டில்) அந்தக் கோப்பு சர்வரின் கம்ப்யூட்டர் கணக்கைத் திறந்து, செக்யூரிட்டி பக்கத்தில் ஆம்பூர் குழுவுக்கு 'அலவுட் டு ஆத்தென்டிகேட்' உரிமையைக் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு 'டிரஸ்ட் வேலை செய்யவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் வரிசையில் நானும் ஒருவன். எரரிலேயே ஆத்தென்டிகேஷன் ஃபயர்வால் என்று வரும். அது நெட்வொர்க் ஃபயர்வால் என்று நினைத்து அரைநாள் ரவுட்டரை நோண்டினேன்.

குழுக்களை இப்படி வையுங்கள்: ஆம்பூரில் ஒரு குளோபல் குழு, அதில் 11 பேர். ராணிப்பேட்டையில் ஒரு டொமைன் லோக்கல் குழு, அதற்குள் அந்த ஆம்பூர் குழு. ஃபோல்டர் உரிமை ராணிப்பேட்டைக் குழுவுக்கு மட்டும். வெளி டொமைன் உறுப்பினர்களை ஏற்கும் குழு டொமைன் லோக்கல்தான், குளோபல் ஏற்காது. ஆள் வந்தால் போனால் ஆம்பூரில் மட்டும் மாற்றினால் போதும். ராணிப்பேட்டை சர்வரைத் தொடவே வேண்டாம்.

டிரஸ்ட் நிற்க மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று டி.என்.எஸ்., அதாவது கம்ப்யூட்டர் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தருவது. இரண்டு பக்கத்து டி.என்.எஸ். சர்வரிலும் அடுத்த டொமைனுக்குக் கண்டிஷனல் ஃபார்வர்டர் (அந்த டொமைன் பெயரை அந்தப் பக்கத்து டி.என்.எஸ். சர்வரிடம் கேள் என்ற விதி) போடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி வைப்பது ஆறு மாதத்தில் உங்களையே குழப்பிவிடும்.

இரண்டாவது போர்ட்கள், அதாவது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண் போட்ட வாசல்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டும் பேசிக்கொண்டால் போதும் என்று நினைத்து வி.பி.என். ஃபயர்வாலில் அவற்றுக்கு மட்டும் வழி விடுவார்கள். ஆனால் கெர்பரோஸில் ஆம்பூர் கம்ப்யூட்டர் முதலில் தன் கன்ட்ரோலரிடம் ஒரு பரிந்துரைச் சீட்டு வாங்கும், பிறகு அந்தச் சீட்டோடு தானே நேராக ராணிப்பேட்டைக் கன்ட்ரோலரிடம் போய், கோப்பு சர்வருக்கான சீட்டை வாங்கும். அதாவது ஆம்பூரின் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ராணிப்பேட்டைக் கன்ட்ரோலரின் 88ஆம் போர்ட்டைத் தொட முடிய வேண்டும். முடியாவிட்டால் மறுபடியும் என்.டி.எல்.எம்.தான். டிரைவ் திறந்துவிடும், நீங்களும் வெற்றி என்று நினைத்து பஸ் ஏறிவிடுவீர்கள். சரிபார்க்க கே-லிஸ்ட் கட்டளையை அடியுங்கள். கோப்பு சர்வரின் பெயரில் சிஃப்ஸ் என்று தொடங்கும் ஒரு சீட்டு இருந்தால் கெர்பரோஸ் நடந்திருக்கிறது. கோப்பு சர்வருக்கு 445ஆம் போர்ட் மட்டும் திறந்தால் போதும்.

மூன்றாவது கடிகாரம். கெர்பரோஸ் சாதாரணமாக 5 நிமிட வித்தியாசம்வரைதான் பொறுக்கும். ஒரே டொமைனுக்குள் எல்லாரும் ஒரே கன்ட்ரோலரைப் பார்த்து மணி வைத்துக்கொள்வதால் பிரச்சினை வராது, எல்லாரும் சேர்ந்து தப்பாக இருந்தால்கூட. இரண்டு டொமைன் என்று வரும்போதுதான் ஒரு பக்கத்துக் கன்ட்ரோலர் 8 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது வெளியே வரும். இரண்டு பக்கத்துத் தலைமைக் கன்ட்ரோலரையும் வெளியே ஒரே நேர மூலத்தோடு கட்டுங்கள். தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு கடிகாரங்களைப் பொருத்த வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி வெளியிட்ட உத்தரவும் சொல்கிறது. அதே உத்தரவில் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கம்பெனிகளுக்கும் இது பொருந்தும் என்பதை உங்கள் முதலாளி காதிலும் போட்டுவையுங்கள்.

வழியில் போகும் தகவலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வி.பி.என். இருக்கிறது என்கிறீர்கள். ஒன்றே ஒன்று: வி.பி.என். படுக்கும் நாளில் அவசரத்துக்கு என்று 445ஐ ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல்) உலகம் முழுக்கப் பரவியது அந்த வாசல் வழியாகத்தான், எஸ்.எம்.பி. (விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் முறை) முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு. அதற்கான அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது என்பதுதான் வேதனை. இரண்டு சர்வரிலும் எஸ்.எம்.பி. முதல் பதிப்பு இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். வி.பி.என். இல்லாமலே வெளியிலிருந்து டிரைவ் வேண்டும் என்றால், க்விக் வழியாக எஸ்.எம்.பி. என்று ஒன்று இருக்கிறது, டி.எல்.எஸ். 1.3 பூட்டோடு யு.டி.பி. 443இல் போகும். விண்டோஸ் சர்வர் 2025இன் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் வேலை கொஞ்சம் உண்டு, இந்த 11 பேருக்காக இப்போது அதில் இறங்க வேண்டாம்.

வி.பி.என். இருந்தாலும் அந்த ஃபோல்டர்களுக்கு எஸ்.எம்.பி. என்கிரிப்ஷனைப் போட்டுவிடுங்கள், பவர்ஷெல்லில் ஒரு வரி. வேலூர்க் கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறது. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் எழுந்த சிப்பாய்கள் உள்ளே இருந்தவர்கள், வெள்ளைக்காரர்களுக்கு அந்த அகழி ஒரு உதவியும் செய்யவில்லை. வி.பி.என். அகழி மாதிரி. ராணிப்பேட்டை ஆபீசுக்குள்ளேயே வயரில் ஒட்டுக்கேட்பவரை அது தடுக்காது. என்கிரிப்ஷன் போட்டால் எஸ்.எம்.பி. 3க்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர்கள் உள்ளே வர முடியாது, அதாவது விண்டோஸ் 7 போச்சு. கட்டிங் செக்ஷனில் ஒரு விண்டோஸ் 7 எப்போதும் இருக்கும், அங்கே முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். அதேபோல, விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு கையொப்பம் இல்லாத எஸ்.எம்.பி. இணைப்பைச் சாதாரணமாக ஏற்காது. புது லேப்டாப் வாங்கியதும் பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் கோப்புகளை வைக்கும் தனி டிஸ்க் பெட்டி) திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். லேப்டாப்பில் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள், நாஸின் மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

உரிமைகளில் ஒரு பழைய குழப்பம்: ஷேர் உரிமை (நெட்வொர்க் வழியாக வருபவருக்கு), என்.டி.எஃப்.எஸ். உரிமை (டிஸ்க்கில் ஃபோல்டருக்கே கொடுப்பது) இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். நான் ஷேரில் குழுவுக்கு மாற்றும் உரிமை கொடுத்துவிட்டு, யாருக்கு எவ்வளவு என்பதை எல்லாம் என்.டி.எஃப்.எஸ். பக்கம் வைத்துக்கொள்வேன். எழுதத் தேவையில்லாதவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும். ஏற்றுமதி டாக்குமென்ட் ஃபோல்டரில் ஆம்பூரிலிருந்து உண்மையில் எழுத வேண்டியவர்கள் 3 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். மேப் பண்ணிய டிரைவ் என்பது ரான்சம்வேருக்கும் திறந்த கதவு. ஒருவர் தப்பான அட்டாச்மென்ட்டைத் திறந்தால் அவர் எழுத முடிந்த எல்லாக் கோப்பும் பூட்டப்பட்டுவிடும், எந்த ஊரில் இருந்தாலும். அதனால் ராணிப்பேட்டை பேக்கப் எந்த டிரைவ் எழுத்திலும் தொங்கக்கூடாது.

கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் 'கணக்கு' என்ற அந்த ஃபோல்டருக்குள் டேலி டேட்டா இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எஸ்.எம்.பி. ஒரு கோப்பைத் திறக்கவே பலமுறை போய்வரும். ஒரே கட்டடத்துக்குள் அது தெரியாது. ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் ஒவ்வொரு போய்வரவும் சேர்ந்து நத்தையாகிவிடும். நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. மார்ச் கடைசி வாரம் கணக்குப் பிரிவு அம்மா உங்களைத் தேடி வரும் நிலைமை வேண்டாம். டேலிக்கு அவர்களை ரிமோட் டெஸ்க்டாப்பில் ராணிப்பேட்டை சர்வருக்குள்ளேயே வேலை செய்ய வையுங்கள், வி.பி.என். வழியாக. எக்செலும் பி.டி.எஃப்.பும் டிரைவில் இருக்கட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரமே 11 பேருக்கும் ராணிப்பேட்டையில் தனித்தனிக் கணக்கு திறந்து, முழுப்பெயரில் மேப் பண்ணி, வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வேன். அது தற்காலிகம். இரண்டு கம்பெனியும் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டன என்று முதலாளிகள் வாயாலேயே கேட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒருவழி டிரஸ்டைப் போட்டு, அந்தத் தற்காலிகக் கணக்குகளை மூடிவிடுவேன். வாயால் கேட்பது முக்கியம். ஒரு இடத்தில் நான் டிரஸ்ட் போட்டு முடித்த மூன்றாவது மாதம் அண்ணனும் தம்பியும் மறுபடி பிரிந்தார்கள். ஜாமீனைத் திரும்ப வாங்கும் வேலையும் எனக்கே வந்தது.

எல்லாம் முடிந்ததும் ராணிப்பேட்டை சர்வரில் கெட்-எஸ்எம்பிசெஷன் கட்டளையை ஒரு வேலைநாள் காலை 11 மணிக்கு ஓட்டிப் பாருங்கள். இப்போது யார் யார் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும். அந்தப் பட்டியலில் பேட்ச் ஃபைலில் இருந்த பொதுக்கணக்கின் பெயர் இன்னும் வந்தால், நீங்கள் பார்க்காத ஒரு கம்ப்யூட்டர் எங்கோ மிச்சம் இருக்கிறது. குடோன் வெயிங் மெஷின் பக்கத்தில் இருப்பதை முதலில் போய்ப் பாருங்கள்.